214 நோட்டுகளும் இரண்டு டேப்களும்

2022-இல் பிளஸ் டூ பொதுத்தேர்வு மே கடைசி வரை இழுத்தது. அது முடிந்த கையோடு வந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை, காலை காபியிலிருந்து ராத்திரி தோசை வரை நான் பார்த்தது ஒரே வேலை. சாம்சங் டேப்பில் கையால் எழுதும் ஆப்பான சாம்சங் நோட்ஸில் இருந்த 214 நோட்டுகளைப் பத்துப் பத்தாகப் பொறுக்கி, பிடிஎஃப் ஆக்கி, கூகுள் டிரைவில் ஏற்றினேன். இரண்டு வருஷம் நான் எடுத்த கணக்கு டியூஷன். அணிகள், கலப்பெண்கள், வகைக்கெழு, தொகையிடல் எல்லாம் என் கையெழுத்தில். அவற்றை நான் புதிதாக மாறிய ஐபேடில் திறந்து பார்த்தபோதுதான் செய்த தப்பு புரிந்தது. எழுத்து இருந்தது, ஆனால் படமாக இருந்தது. மூன்றாவது வரியில் ஒரு மைனஸ் குறி விட்டுப்போயிருந்தால் அதை மட்டும் அழித்துத் திருத்த முடியாது. மேலே வெள்ளை பூசி எழுதலாம், அவ்வளவுதான்.

சாம்சங் நோட்ஸ் ஐபேடில் கிடையாது. இது ஒன்றும் ரகசியம் இல்லை. கடைக்குப் போவதற்கு முந்தின நாள் இரண்டு நிமிஷம் தேடியிருந்தால் தெரிந்திருக்கும். நான் தேடியது பிராசசர், கேமரா, எத்தனை மணி நேரம் சார்ஜ் நிற்கும் என்பதையெல்லாம்.

திருச்சி உறையூரில் பிளஸ் ஒன், பிளஸ் டூ பிள்ளைகளுக்குக் கணக்கு டியூஷன் எடுக்கிறேன். டேப் என்பது எனக்கு சினிமா பார்க்கிற சாமான் இல்லை, கரும்பலகை. அதனால் நான் சொல்வதெல்லாம் அந்தக் கோணத்தில்தான் இருக்கும். படம் வரைபவர் வேறு சொல்வார், பாட்டுக் கேட்பவர் வேறு சொல்வார்.

முதல் டேப் 2012-இல் வாங்கினேன். அது மத்திய அரசின் மலிவு டேப்லெட்டான ‘ஆகாஷ்’ பற்றிய பேச்சு அடிபட்ட காலம். 2011 அக்டோபரில் டெல்லியில் அப்போதைய மத்திய அமைச்சர் கபில் சிபல் அதை அறிமுகம் செய்ததிலிருந்து, ‘35 டாலர் டேப்லெட்’ என்று எல்லாப் பத்திரிகையிலும் அதே படம். ஆகாஷ் கைக்கு வரவில்லை. அதே மாதிரி ஏழு அங்குலத்தில் ஒரு கம்பெனி டேப் 4,500 ரூபாய்க்குக் கிடைத்தது. பெயர் வேண்டாம். விரல் பட்டால் நகராது, நகத்தால் அழுத்த வேண்டும். நான் ரெனால்ட்ஸ் பேனா மூடியால் அழுத்துவேன்.

அதில் தமிழ் முழுக்கக் கட்டம் கட்டமாக வந்தது. பிள்ளைகளுக்குப் பாடநூல் பக்கம் காட்டலாம் என்று வாங்கினால், தமிழ் வலைப்பக்கம் திறந்தாலே வரிசையாகக் காலிப் பெட்டிகள். அப்போது கம்ப்யூட்டர் சென்டர் வைத்திருந்த பையன் ஒருவன் சொன்ன வித்தைதான் கைகொடுத்தது. ஓபரா மினி என்ற பிரௌசரை இறக்கிக்கொள்ள வேண்டும், முகவரிப் பட்டையில் ‘ஓபரா:கான்ஃபிக்’ என்று ஆங்கிலத்தில் தட்ட வேண்டும், வருகிற பட்டியலில் சிக்கலான எழுத்துகளுக்கு பிட்மேப் ஃபாண்ட் (எழுத்தைப் படமாகக் காட்டுவது) என்ற இடத்தில் ‘யெஸ்’ போட வேண்டும். உடனே தமிழ் வந்துவிடும், கொஞ்சம் மங்கலாக, பழைய டைப்ரைட்டர் நகல் மாதிரி. அந்தக் காலத்தில் ஆண்ட்ராய்டு வைத்திருந்த தமிழர் பலருக்கு இந்த வித்தை மனப்பாடம். டேப்பின் சார்ஜர் துளை பத்தாவது மாதம் ஆடத் தொடங்கியது. வாரண்டி கார்டில் இருந்த சர்வீஸ் சென்டரைத் தேடிப் போனால் அங்கே மொபைல் ரீசார்ஜ் கடை இருந்தது.

நான் மட்டும் ஏமாறவில்லை என்று பிறகு படித்துத் தெரிந்துகொண்டேன். 2010-இல் 499 டாலருக்கு ஐபேட் வந்ததும் எல்லாப் பெரிய கம்பெனியும் அதே விலையில் ஒன்றை இறக்கியது. எச்பி-யின் டச்பேட் 2011 ஜூலை 1-ஆம் தேதி கடைக்கு வந்தது, ஆகஸ்ட் 18-இல் நிறுத்துகிறோம் என்று அறிவித்துவிட்டார்கள். 49 நாள்! 499 டாலர் மாடலை 99 டாலருக்குக் கொட்டியபோது ஜனம் அடித்துப்பிடித்து வாங்கியது. பிளாக்பெர்ரியின் பிளேபுக், மின்னஞ்சலுக்குப் பேர்போன கம்பெனியிடமிருந்து வந்தது. அதில் சொந்தமாக மின்னஞ்சல் ஆப் இல்லை, அதற்குப் பிளாக்பெர்ரி போனையும் பக்கத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். மைக்ரோசாஃப்ட் 2012-இல் இறக்கிய சர்ஃபேஸ் ஆர்டி, பார்ப்பதற்கு விண்டோஸ் மாதிரியே இருக்கும், ஆனால் பழைய விண்டோஸ் புரோகிராம் எதுவும் அதில் ஓடாது. மறுவருஷம் 90 கோடி டாலரை நஷ்டக் கணக்கில் எழுதினார்கள். மூன்றுமே கையில் எடுத்துப் பார்த்தால் நல்ல சாமான்கள். உள்ளே போட ஆப் இல்லை.

2020 மார்ச்சில் ஊரடங்கு. முதல் மூன்று மாதம் ஸ்டூல் மேல் ஸ்டூல் போட்டு, போனை அதில் கட்டி, சுவர்க் கரும்பலகையைப் படம் பிடித்துப் பாடம் நடத்தினேன். ‘மிஸ், பவர் தெரியல, ரெண்டா மூணா’ என்று பிள்ளைகள் கேட்டுக்கொண்டே இருப்பார்கள். ஜூலையில் சாம்சங் டேப் எஸ்6 லைட் வாங்கினேன், சிம் போடுகிற மாடல், 31,999 ரூபாய். அந்த விலைக்கு அதை எடுக்க ஒரே காரணம், பேனா பெட்டிக்குள்ளேயே இருந்தது. எஸ் பென்னுக்கு எழுதுவதற்கு பேட்டரி வேண்டாம், சார்ஜும் வேண்டாம். முனை ரப்பர் மாதிரி மெத்தென்று இருக்கும். எழுதினால் சத்தமே வராது. இந்தச் சத்தக் கதைக்குப் பிறகு வருகிறேன்.

ஜூமில் இரண்டு பேராக நுழைவேன். லேப்டாப்பில் என் முகம், டேப்பில் என் நோட்டு. டேப்பின் திரையைப் பகிர்ந்துவிட்டால் அதுதான் போர்டு. இதில் முதல் வாரமே ஒரு கூத்து. பகுதித் தொகையிடல் சூத்திரத்தை எழுதிக்கொண்டிருக்கும்போது திரையின் உச்சியில் மாமியாரின் செய்தி இறங்கியது: ‘கத்தரிக்காய் கிலோ 60ங்கறான், வாங்கவா?’ முப்பத்தெட்டு பிள்ளைகள். ஒருவன் சாட்டில், ‘வேணாம் மிஸ், உழவர் சந்தையில 40’ என்று போட்டான். அன்றைக்கே வகுப்புக்கென்று டேப்பில் தனி யூசரைத் திறந்தேன். ஆண்ட்ராய்டு டேப்பில் இந்த வசதி உண்டு. வீட்டாளுக்கு ஒரு கணக்கு, வேலைக்கு ஒரு கணக்கு, ஒன்றின் சாமான் இன்னொன்றில் தெரியாது. ஐபேடில் வீட்டு உபயோகத்துக்கு இது இன்றுவரை இல்லை. ஒரே டேப்பை அம்மாவும் பிள்ளையும் பங்கு போடுகிற வீட்டில் இது எவ்வளவு பெரிய விஷயம் என்று, பையன் என் கலப்பெண் பாடத்தின் மேல் டைனோசர் வரைந்துவைத்த பிறகுதான் ஐபேடில் எனக்கு உறைத்தது.

வீட்டுப்பாடம் எல்லாம் வாட்ஸ்அப்பில் வரும். ராத்திரி எட்டு மணிக்கு மேல் ஐம்பது அறுபது படம். சாம்சங்கில் டியூஷனுக்கென்று தனி சிம் போட்டு அதில் வாட்ஸ்அப் வைத்திருந்தேன். படத்தைத் திற, பேனாவை எடு, சிவப்பில் திருத்து, அனுப்பு. ஒரு படத்துக்கு ஒரு நிமிஷம்.

பிறகு ஏன் ஐபேடுக்குப் போனேன்? எழுத்து பின்தங்கியது. ஜூம், பாடநூல் பிடிஎஃப், நோட்டு என மூன்றும் சேர்ந்து ஓடினால் 4 ஜிபி ராம் திணறும். நான் சமன்பாட்டின் வலது பக்கத்துக்குப் போய்விடுவேன், திரை இடது பக்கத்திலேயே நிற்கும். கையெழுத்தும் கோணலாகும், ஏனென்றால் மை வருகிறதா என்று பார்த்துப் பார்த்து எழுதுகிறோம். கூட வேலை பார்த்த டீச்சரின் ஐபேடில் பத்து நிமிஷம் எழுதிப் பார்த்தேன். பேனா போகிற இடத்தில் மை நின்றது. அந்தப் பத்து நிமிஷத்தில் மயங்கியதுதான். 2021 தீபாவளிக்குத் தில்லைநகரில் ஒரு ஷோரூமில் ஒன்பதாம் தலைமுறை ஐபேட் வாங்கிவிட்டேன்.

இப்போது விலைக் கணக்கு. டேப் 30,900. சாம்சங்கைவிடக் குறைவு என்று வீட்டில் சொல்லித்தான் வாங்கினேன். பென்சில் தனியாக 8,500. கவர் 1,300. ஆக 40,700. சாம்சங்குக்கு 900 ரூபாய் கவர் மட்டும்தான் கூடுதல் செலவு, 32,899. ஏறத்தாழ எட்டாயிரம் வித்தியாசம். மெமரி கார்டு போட இடமில்லை, 64 ஜிபி என்றால் 64 ஜிபி-தான். அதற்காக ஆப்பிளின் இணையச் சேமிப்பான ஐகிளவுடுக்கு மாதாமாதம் 75 ரூபாய் என்று தொடங்கியது. இரண்டு டேப்பை ஒப்பிடுகிறவர்கள் பெட்டியில் ஒட்டிய விலையை ஒப்பிடாதீர்கள். பேனா, கவர், கார்டு அல்லது கிளவுடு சந்தா, எழுதும் ஆப்பின் விலை எல்லாவற்றையும் ஒரு தாளில் கூட்டிவிட்டுப் பிறகு பாருங்கள்.

முதல் தலைமுறை ஆப்பிள் பென்சிலை சார்ஜ் செய்ய அதன் வாலை ஐபேடின் சார்ஜர் துளையில் செருக வேண்டும். குச்சி ஐஸ் மாதிரி நீட்டிக்கொண்டு நிற்கும். வாலில் ஒரு குட்டி மூடி உண்டு. என்னுடையது பதினோராம் நாள் சோபாவுக்கடியில் போனது, இன்னும் வரவில்லை. அடுத்த வருஷம் வந்த பத்தாம் தலைமுறை ஐபேடில் யுஎஸ்பி-சி வைத்துவிட்டு அதே பழைய பென்சிலையே கொடுத்தார்கள். செருக முடியாது, அதற்கு ஒரு அடாப்டர். விலையும் 44,900-க்கு ஏறியது. இதை யோசித்தவரை நேரில் பார்க்க ஆசை.

சத்தக் கதை. ஐபேட் 9-இல் கண்ணாடிக்கும் திரைக்கும் நடுவே மெல்லிய இடைவெளி உண்டு. பென்சிலின் முனையோ கெட்டி பிளாஸ்டிக். எழுதினால் டொக் டொக்கென்று கேட்கும். ஜூமில் மைக் பக்கத்தில் இருந்ததால், ‘மிஸ், யாரோ கதவத் தட்டுறாங்க’ என்று முதல் நாளே சொன்னார்கள். சிங்காரத்தோப்பில் காகிதம் மாதிரி சொரசொரப்பான ஃபிலிம் ஒன்றை 250 ரூபாய்க்கு ஒட்டினேன். சத்தம் அடங்கியது, எழுதவும் சுகமாக இருந்தது, ஆனால் நாலு மாதத்தில் பென்சில் முனை தேய்ந்து உள்ளேயிருந்த உலோகம் எட்டிப் பார்த்தது.

ஆனாலும் உண்மையைச் சொல்ல வேண்டும். எழுதுவதற்கு ஐபேட்தான். குட்நோட்ஸ் என்ற ஆப்பில் நான் கோணலாக எழுதிய தலைப்பைக்கூடத் தேடினால் எடுத்துக் கொடுக்கும். எழுத்தை வளைத்துப் பிடித்து நகர்த்துவது, வண்ணம் மாற்றுவது, பாடநூல் பக்கத்தை வெட்டி நடுவில் ஒட்டுவது எல்லாம் விரலுக்குப் பழகிவிட்டது. நான் வாங்கியபோது அது ஒரே தடவை காசு. அந்த நவம்பரில்தான் இன்னொரு பிரபல ஆப்பான நோட்டபிலிட்டி, திடீரென்று சந்தா முறைக்கு மாறுகிறோம் என்று அறிவித்து, ஏற்கெனவே காசு கொடுத்தவர்களெல்லாம் கொதித்தெழ, பாதி பின்வாங்கியது. குட்நோட்ஸும் 2023-இல் ஆறாம் பதிப்பில் சந்தாவைக் கொண்டுவந்தது. ஆப் இருக்கிறதா என்பதோடு, காசை எப்படி வாங்குகிறார்கள் என்பதையும் பார்க்க வேண்டியிருக்கிறது. படம் வரைகிறவர்கள் சொல்கிற ப்ரோகிரியேட் ஐபேடில் மட்டும்தான். எனக்குத் தினமும் வேண்டிய கணக்கு வரைபட ஆப்களான ஜியோஜீப்ராவும் டெஸ்மோஸும் இரண்டிலும் உண்டு, இரண்டிலும் இலவசம்.

இல்லாத ஆப்களின் பட்டியலில் ஐபேட் சில சமயம் சிரிப்பை வரவழைக்கும். 2010-இல் வந்த சாமானுக்கு 2024 செப்டம்பர் வரை சொந்தக் கால்குலேட்டர் கிடையாது! கணக்கு டீச்சருக்கு இதைவிட என்ன வேண்டும்? வந்தபோது மட்டும் சும்மா வரவில்லை. கணக்கை எழுதி சமக்குறி போட்டால் விடையை நம் கையெழுத்து மாதிரியே எழுதிக் கொடுக்கிறது. என் மாணவன் ஒருவன் வீட்டுப்பாடத்தில் விடை மட்டும் அவனுடைய வழக்கத்தைவிட நேராக இருந்ததை வைத்துப் பிடித்தேன். இன்ஸ்டாகிராம் 2025 செப்டம்பரில்தான் ஐபேடுக்கு வந்தது. ஆண்ட்ராய்டு பக்கமும் யோக்கியம் இல்லை. பிளே ஸ்டோரில் ஆப் இருக்கும், திறந்தால் போன் ஆப்பை இழுத்துப் பெரிதாக்கி வைத்திருப்பார்கள். டேப்பைப் படுக்கவைத்தால் சில ஆப்கள் நிமிர்ந்தே நிற்கும், நாம்தான் தலையைச் சாய்க்க வேண்டும்.

விண்டோஸை விட்டுவிட்டேன். பக்கத்துத் தெரு இயற்பியல் சார் கீபோர்டு கழற்றி மாட்டுகிற விண்டோஸ் டேப் வைத்திருக்கிறார். கனம், சூடாகும், எழுதுவதற்கு சுமார். ஆனால் ஒரு விஷயத்தில் எங்கள் எல்லோரையும் அடித்துவிடுவார். நம் ஊர்ப் பள்ளிகளில் வினாத்தாள் இன்னமும் பாமினி, வானவில் என்ற பழைய தமிழ் ஃபாண்ட்களில் அடித்த வேர்ட் கோப்பாகவே சுற்றுகிறது. ஐபேடிலும் ஆண்ட்ராய்டிலும் திறந்தால் ஆங்கில எழுத்தும் அடைப்புக்குறியுமாகக் கொட்டும். அவர் ஃபாண்டைப் போட்டுவிட்டு நிம்மதியாகப் படிப்பார். நாங்கள் அவருக்கே அனுப்பி, பிடிஎஃப் ஆக்கித் திருப்பி வாங்குகிறோம். தமிழில் பழைய கோப்புகளோடு வேலை செய்கிறவர் டேப் எடுக்குமுன் அப்படி ஒரு கோப்பைக் கடையிலேயே திறந்து பார்த்துவிடுவது நல்லது.

எத்தனை வருஷம் ஓடும் என்பதும் விலைதான். என் எஸ்6 லைட் ஆண்ட்ராய்டு 10-இல் வந்து 13-இல் நின்றுவிட்டது. ஐபேட் 9, ஐபேட்ஓஎஸ் 15-இல் வந்தது, 2025-இல் வந்த 26-ஐயும் வாங்கிக்கொண்டது. (18-க்கு அடுத்து 26 எப்படி என்று கணக்கு டீச்சரைக் கேட்காதீர்கள், ஆண்டை வைத்துப் பெயரை மாற்றிக்கொண்டார்கள்.) போன வருஷம் இரண்டையும் கொடுத்தால் என்ன தருவீர்கள் என்று ஒரு கடையில் கேட்டேன். சாம்சங்குக்கு 4,000, ஐபேடுக்கு 11,000 என்றார்கள். வாங்கும்போது கூடுதலாகப் போன அந்த எட்டாயிரத்தில் பெரும்பகுதி அங்கே திரும்பி வந்துவிடுகிறது என்பது எனக்கே ஆச்சரியம்.

பெற்றோர் கேட்பார்கள். ‘மிஸ், எந்த டேப் வாங்கலாம்?’ முதலில் நான் திருப்பிக் கேட்பது, பிள்ளை அதில் எழுதப் போகிறதா, படிக்க மட்டும் போகிறதா என்பதுதான். படிக்க என்றால் பத்து அங்குலத்துக்குக் குறைந்து வேண்டாம். நம் பாடநூல் பிடிஎஃப் எட்டு அங்குலத்தில் பெரிதாக்கிப் பெரிதாக்கியே கண் போய்விடும். பதினைந்தாயிரம் பக்கத்தில் வருகிற ஆண்ட்ராய்டு போதும். படமும் பார்ப்பார்கள் என்றால் டிஆர்எம் இன்ஃபோ என்ற ஆப்பைப் போட்டு வைடுவைன் (படத்தைத் திருட்டு நகல் எடுக்காமல் தடுக்கும் பூட்டு) எல்1 என்று வருகிறதா எனப் பாருங்கள். எல்3 என்றிருந்தால், திரை எவ்வளவு உசத்தியாக இருந்தாலும் நெட்ஃபிளிக்ஸ் மங்கலாகத்தான் தெரியும். எழுதப் போகிறது என்றால் எந்த ஆப்பில் எழுதும், அந்த ஆப் வேறு கம்பெனி டேப்பிலும் திறக்குமா, திறந்தால் திருத்த முடியுமா என்று கேட்பேன். இந்த மூன்றாவது கேள்வி என் 214 நோட்டு கற்றுக்கொடுத்தது. இப்போது நான் ஒவ்வொரு அத்தியாயத்துக்கும் குட்நோட்ஸ் கோப்பு ஒன்று, பிடிஎஃப் ஒன்று எனச் சேர்த்து வைக்கிறேன். முக்கியமான பத்துப் பாடங்களை மறுபடி கையால் எழுதினேன். மீதி 204 இன்னும் படமாகத்தான் கிடக்கின்றன.

கடைசியாக அப்பா. பொன்மலை ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். 2018-இல் தம்பி சிங்கப்பூரிலிருந்து ஒரு ஐபேட் கொண்டுவந்து கொடுத்தான், ஃபேஸ்டைமில் பேரனைப் பார்க்கட்டும் என்று. பேரனைப் பார்த்தார், பாட்டுக் கேட்டார், மூன்றாம் நாள் கேட்டார்: ‘ஏம்மா, இதுல வாட்ஸ்அப் எங்க?’ ஐபேடில் வாட்ஸ்அப் இல்லை என்றேன். அவருக்கு நம்பிக்கை இல்லை. ‘இருவத்தஞ்சாயிரம் குடுத்து வாங்கினானாம், ஓசில கிடைக்கிற வாட்ஸ்அப் இல்லையாம்.’ சஃபாரியில் வாட்ஸ்அப் வெப் திறந்து கொடுத்தேன். அதற்கும் போனை எடுத்து க்யூஆர் கோடைக் காட்ட வேண்டும் என்றதும் ஐபேடைப் பூஜை அலமாரிக்குப் பக்கத்தில் வைத்துவிட்டார். தம்பியும் நானும் யோசித்தது, எது நல்ல டேப் என்று. அவருடைய நாள், ரிட்டயர்டு நண்பர்களின் குரூப்பில் வருகிற ‘காலை வணக்கம்’ படத்தில் தொடங்குகிறது என்பதை இரண்டு பேருமே யோசிக்கவில்லை.

நான் முழுக்க ஐபேடுக்கு மாறியதும் சாம்சங்கை அவருக்குக் கொடுத்தேன். எழுத்தைப் பெரிதாக்கி, வாட்ஸ்அப்பை நடுவில் வைத்துக் கொடுத்ததும் அது அவருடைய சொத்தாகிவிட்டது.

2025 மே கடைசியில் வாட்ஸ்அப் ஒருவழியாக ஐபேடுக்கு வந்தது. அன்று சாயந்திரமே அந்தப் பழைய ஐபேடைத் துடைத்து, சார்ஜ் ஏற்றி, வாட்ஸ்அப் போட்டு, அவர் நண்பர்கள் குரூப்பைத் திறந்து கையில் கொடுத்தேன். சாம்சங்கைவிடப் படம் பளிச்சென்று இருந்தது. ஒரு படத்தைத் திறந்தார், பார்த்தார், விரலைத் திரையின் அடியில் வைத்து அங்குமிங்கும் தேய்த்தார்.

‘ஏம்மா, பின்னாடி போற பட்டன் எங்க?’

‘இதுல அது கிடையாதுப்பா. மேல ஓரத்துல ஒரு அம்புக்குறி இருக்கு பாருங்க.’

அம்புக்குறியைப் பார்த்தார். என்னையும் பார்த்தார். ஐபேடை என் மடியில் வைத்துவிட்டு, தலையணைக்கு அடியிலிருந்து சாம்சங்கை எடுத்துக்கொண்டார்.